டணாயக்கன் கோட்டை: ஒரு படைப்பட்டம் ஊர்ப்பெயரான வழி

பவானிசாகர் அணை எழுவதற்கு முன் அளக்கப்பட்ட நிலவரைபடத்தை இன்றைய படத்தின் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இன்றைய படத்தில் அந்த இடம் முழுவதும் நீலம். அதில் எழுத்தென்று இருப்பது நீர்த்தேக்கத்தின் பெயர் மட்டும். பழைய படத்தில் அதே இடத்தில் இரண்டு ஆறுகள் இருக்கின்றன. தென்மேற்கே மலையை விட்டு இறங்கி மேட்டுப்பாளையம், சிறுமுகை வழியாக வருவது பவானி. வடமேற்கே நீலகிரிக்கும் மைசூர் மேட்டுநிலத்துக்கும் இடையில் வெட்டிய ஆழமான பள்ளத்தாக்கில் வருவது மோயாறு. கரையிலுள்ள மக்கள் அதை மாயாறு என்பார்கள். இரண்டும் கூடும் இடத்தருகே ஒரு கோட்டை, அதையொட்டி ஓர் ஊர். டணாயக்கன் கோட்டை.

இந்தப் பெயரை நான் ஆராய எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. நீருக்குள் போன ஊர்களைப் பற்றி எழுதுகிறவர்கள் கோயில் கோபுரம் வெளியே தெரிந்ததையும், வறட்சியில் மதில் தலைகாட்டியதையும் எழுதுகிறார்கள். பெயரைப் பற்றி யாரும் நின்று கேட்பதில்லை. கல்லும் செங்கல்லும் நீரில் கரைந்துகொண்டே இருக்கும். பெயர் அப்படிக் கரைவதில்லை. ஆனால் யாரும் சொல்லாமல் விட்டால் அதுவும் போய்விடும்.

டணாயக்கன் என்பது ஓர் ஆளின் பெயரன்று. அது ஒரு பதவி. தண்டநாயகன் என்ற வடசொல் கன்னட நாட்டில் வழங்கி, அங்கே உருமாறி, மலையிறங்கிக் கொங்கு நாட்டுக்கு வந்து, தமிழ் வாயில் மறுபடி உருமாறி நின்ற வடிவம் அது. தண்டம் என்றால் கோல். கோல் பிடித்தவனுக்கு அடங்கியது படை. ஆகவே படையும் தண்டம் எனப்பட்டது. கோல் கொண்டு கொடுப்பது தண்டனை. இந்தக் கடைசிப் பொருளை மட்டும் இன்றைய தமிழ் இறுகப் பிடித்துக்கொண்டிருக்கிறது. படை என்ற பொருள் மங்கிவிட்டாலும் முழுக்க மறையவில்லை. கோயம்புத்தூரில் அவினாசி சாலையில் இருக்கும் தண்டுமாரியம்மன் கோயிலின் பெயரில் உள்ள தண்டு, படை தங்கிய இடத்தைக் குறிப்பது. பெங்களூரில் ஆங்கிலேயர் படைக்குடியிருப்பாக இருந்த கண்டோன்மென்ட் பகுதியைக் கன்னடர் இன்றும் தண்டு என்றே சொல்கிறார்கள். டணாயக்கன் கோட்டை இந்த இரண்டு ஊர்களுக்கும் இடையிலான வழியில் இருந்தது. ஒரே சொல்லின் படைப்பொருள் மூன்று இடங்களில் தடம் பதித்திருக்கிறது.

சோழர் கல்வெட்டுகளிலும் படைத்தலைவர்கள் தண்டநாயகன் என்ற பட்டத்தோடு வருகிறார்கள். அதனால் இந்தக் கோட்டையின் பெயரைச் சோழர் காலத்தோடு முடிந்துவிடத் தோன்றும். அது பொருந்தாது. சோழர் கல்வெட்டில் சொல் முழு வடிவில் இருக்கிறது. தண்டநாயகன் தேய்ந்து தண்ணாயகன் ஆவது கன்னட வழக்கு. போசளர் (ஹொய்சளர்) ஆட்சியில் தண்டநாயகர்கள் வெறும் படைத்தலைவர்களாக இருக்கவில்லை. நாட்டின் ஒரு பகுதியை ஆளவும் வரி தண்டவும் கோயில் கட்டவும் அதிகாரம் பெற்றிருந்தார்கள். போசள அரசன் விஷ்ணுவர்த்தனனின் தண்டநாயகர்களில் ஒருவனான புணிசன் நீலமலையைக் கைப்பற்றியதையும் தோதவரை அச்சுறுத்தியதையும் சாமராசநகரிலுள்ள 1117ஆம் ஆண்டுக் கல்வெட்டு சொல்கிறது. நீலகிரி என்ற மலைப்பெயரின் வரலாற்றைத் தேடுகிறவர்கள் வந்து நிற்பதும் இந்தக் கல்வெட்டின் முன்தான். அந்த மலையின் பெயர் கல்வெட்டில் ஏறியதே ஒரு தண்டநாயகனின் வெற்றிச் செய்தியாக என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அதற்கு இருநூறு ஆண்டுகள் கழித்து, மூன்றாம் வீரவல்லாளன் காலத்தில், பெருமாள தண்டநாயகனும் அவன் மகன் மாதவ தண்டநாயகனும் வருகிறார்கள். குண்டுலுப்பேட்டைக்கு அருகிலுள்ள தெரகணாம்பி அவர்களின் ஆட்சியிடம். அங்கிருந்து தெற்கே இறங்கினால் மாயாற்றுப் பள்ளத்தாக்கு. அதைத் தாண்டினால் கொங்கு. மாதவ தண்டநாயகனுக்கு நீலகிரி சாதாரன் என்றொரு விருதுப்பெயர் இருந்தது. நீலகிரியை அடக்கியவன் என்று பொருள். கோட்டைக்குள் இருந்த பெருமாள் கோயிலின் பெயர் மாதவராயப் பெருமாள். கோயில் மாதவன் பெயரில், கோட்டை தண்டநாயகன் பெயரில். மாதவ தண்டநாயகன் என்ற ஒரு பெயரே இரண்டாகப் பிரிந்து முற்பாதி தெய்வத்துக்கும் பிற்பாதி மதிலுக்கும் போயிருக்கிறது என்று கொள்வதே பொருத்தம். கட்டியவன் பெயரை இறைவனுக்குச் சூட்டும் வழக்கம் அந்தக் காலத்துக்குப் புதிதில்லை. இராசராசேச்சுரமும் கங்கைகொண்டசோழீச்சுரமும் அப்படி வந்தவைதாம்.

இனி ஒலியைப் பார்ப்போம். இந்தச் சொல்லின் சுவையே அங்குதான் இருக்கிறது.

தண்டநாயகன் என்பதை வேகமாக நாலைந்து முறை சொல்லிப் பாருங்கள். ண்ட என்ற மெய்க்கூட்டத்தை அடுத்து உடனே நா வருகிறது. மூக்கொலியும் வல்லொலியும் மறுபடி மூக்கொலியும் என்று ஒலிப்பு மாறி மாறி வர வேண்டும். நடுவிலுள்ள டகரம் முதலில் மெலிகிறது. பிறகு விழுகிறது. இரண்டு மூக்கொலிகளும் ஒன்றோடொன்று ஒட்டி ண்ண ஆகின்றன. தண்ணாயகன். இந்த நிலையில்தான் கன்னடத்தில் சொல் பெரிதும் வழங்கியது. விசயநகர காலத்தில் இரண்டாம் தேவராயனின் படைத்தலைவனான இலக்கண்ணன், தமிழ்நாட்டுக் கல்வெட்டுகளில் தண்ணாயக்க உடையார் என்றே வருகிறான். ஏறத்தாழ அதே நேரத்தில், 1443இல், பாரசீகத்திலிருந்து விசயநகரம் வந்த தூதர் அப்துர் ரசாக் அரசனுக்கு அடுத்த நிலையில் இருந்தவரை தணாயிக் என்று எழுதுகிறார். தமிழ்க் கல்வெட்டு எழுதியவருக்கும் பாரசீகத் தூதருக்கும் ஒரே ஒலி கேட்டிருக்கிறது. அம்பியில் (ஹம்பி) அரண்மனைப் பகுதிக்கு அருகே மதில் சூழ்ந்த ஒரு வளாகத்துக்குத் தணாயக்கர் வளாகம் என்று இன்றும் பெயர். தண்டநாயகன் என்ற முழு வடிவம் மெய்க்கீர்த்தியிலும் செப்பேட்டிலும் இருந்திருக்கலாம். தெருவிலும் பாசறையிலும் இருந்தது தண்ணாயக்கன்தான்.

ஈற்றிலுள்ள க ஏன் இரட்டித்தது? நாயகன் வேறு, நாயக்கன் வேறு என்று தமிழ் பிரித்து வைத்திருக்கிறது. தலைவன், கணவன், காவிய நாயகன் என்னும்போது ஒற்றைக் ககரம். பட்டமாகவும் குடிப்பெயராகவும் வரும்போது இரட்டைக் ககரம். விசயநகரத்து நாயக்கர்கள் தமிழ்நாட்டில் வேரூன்றியபின் படைத்தலைவன் என்றால் நாயக்கன் என்ற ஒலியே காதில் விழுந்தது. தண்ணாயகனின் வாலும் அதற்கேற்ப மாறியது. போசளர் காலத்துத் தலையும் நாயக்கர் காலத்து வாலும் கொண்ட சொல் என்று இதைச் சொன்னால் மிகையாகாது.

கடினமான கேள்வி முதலெழுத்தைப் பற்றியது. தமிழில் டகரம் சொல்லுக்கு முதலில் வராது. தொல்காப்பியம் தொடங்கி எல்லா இலக்கணமும் இதைச் சொல்லும். கன்னடத்தில் இந்தச் சொல்லின் முதலொலி பல்லொலியான தகரம்தான். அப்படியிருக்க, கொங்கு நாட்டார் தணாயக்கன் என்று இலக்கணத்தோடு ஒத்துச் சொல்லாமல் டணாயக்கன் என்று ஏன் சொல்ல வேண்டும்? என் முடிவு இது. சொல்லின் நடுவிலிருக்கும் ணகரம் முதலெழுத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டது. ண சொல்ல நாக்கு வளைந்து அண்ணத்தைத் தொட வேண்டும். அதற்கு முந்திய ஒலியைச் சொல்லும்போதே நாக்கு வளையத் தொடங்கிவிடுகிறது. தகரம் டகரமாகிவிடுகிறது. தமுக்கு டமுக்கு ஆவதையும் தம்பட்டம் டம்பட்டம் ஆவதையும் பேச்சில் கேட்டவர்களுக்கு, பிறமொழிச் சொல்லின் முதலில் டகரத்தைத் தமிழ் வாய் அஞ்சாமல் ஏற்கும் என்பது தெரியும். டணாயக்கனில் அதற்குப் பக்கத்திலேயே காரணமும் இருந்தது.

வேறு விளக்கம் சொல்ல முடியாதா என்றால், முடியும். தானை என்றால் படை. தானைநாயகன் என்பதே தணாயக்கன் ஆயிற்று என்று ஒருவருக்குத் தோன்றலாம். கேட்க இனிமையாக இருக்கும். தூய தமிழ்ச் சொல் கிடைத்த மகிழ்ச்சியும் இருக்கும். ஆனால் தானையின் நெடில் குறுகவும் றன்னகரம் டண்ணகரம் ஆகவும் நடுவிலிருக்கும் ஐகாரம் தடயமின்றி மறையவும் வேண்டும். மூன்று மாற்றத்துக்கும் இந்தச் சொல்லில் காரணம் இல்லை. மறுபுறம் தண்டநாயகன், தண்ணாயகன், தண்ணாயக்கன், டணாயக்கன் என்ற ஏணியில் ஒவ்வொரு படிக்கும் சான்றோ ஒலிக்காரணமோ இருக்கிறது. விருப்பத்துக்காக ஏணியை விட்டுக் குதிக்கக் கூடாது.

கோட்டை அந்த இடத்தில் ஏன் இருந்தது என்பதை நிலவரைபடமே சொல்லிவிடுகிறது. ஓர் அங்குலத்துக்கு ஒரு மைல் என்ற அளவில் இந்திய நில அளவைத் துறை வெளியிட்ட தாள்களில் இந்தப் பகுதி 58 ஈ என்ற தொகுதியில் அடங்கும். நில அளவைக்காரர்கள் டோப்போ ஷீட் என்று சொல்லும் அந்தத் தாளில் சம உயரக் கோடுகளைக் கண்ணால் தொடர்ந்தால் போதும். வடக்கே மைசூர் மேட்டுநிலத்தின் விளிம்பில் கோடுகள் ஒன்றையொன்று நெருக்கி அடர்ந்து கிடக்கும். மேற்கே நீலகிரிச் சரிவில் அதைவிட அடர்த்தி. இந்த இரண்டு சுவர்களுக்கும் நடுவே மாயாற்றுப் பள்ளத்தாக்கு மட்டும் திறந்திருக்கிறது. மேட்டுநிலத்திலிருந்து கீழே இறங்கும் கஜலட்டிக் கணவாய் அதில்தான் வந்து முடிகிறது. கணவாயின் பெயரில் உள்ள அட்டி, கன்னடத்திலும் படகர் மொழியிலும் சிற்றூரைக் குறிக்கும் ஹட்டி. மைசூரிலிருந்து கோயம்புத்தூர் சமவெளிக்கு ஒரு படை இறங்க வேண்டுமானால் இந்த வழியாக இறங்கி, ஆற்றைக் கடந்து, கோட்டையின் கண்முன்னால்தான் போக வேண்டும். 1790 செப்டம்பரில் திப்பு சுல்தான் அப்படித்தான் இறங்கினார். சத்தியமங்கலத்தைப் பிடித்து வைத்திருந்த கர்னல் பிளாய்டின் ஆங்கிலப் படை அவரோடு மோதிப் பின்வாங்க வேண்டியதாயிற்று. கணவாயின் வாயில் காவல் வேண்டும் என்று போசளரின் தண்டநாயகன் கண்ட அதே கணக்கு ஐந்நூறு ஆண்டுகள் கழித்தும் மாறவில்லை.

1799இல் திப்பு வீழ்ந்தபின் மேலும் கீழும் ஒரே கும்பினியின் கைக்குள் வந்தன. எல்லை போய்விட்டது. எல்லைக் கோட்டைக்கு வேலையும் போய்விட்டது. ஆனாலும் இன்னும் கொஞ்ச காலம் டணாயக்கன் கோட்டையின் பெயர் தாளில் பெரிய எழுத்தில் நின்றது. அது ஒரு தாலுகாவின் தலைமையிடம். நீலகிரி மலை அந்தத் தாலுகாவைச் சேர்ந்தது. இன்று உதகமண்டலத்தில் நின்றுகொண்டு, இந்த மலை ஒரு காலத்தில் டணாயக்கன் கோட்டைத் தாலுகா என்று சொன்னால் நம்புகிறவர்கள் சிலரே. 1800இல் கும்பினியின் ஆய்வாளர் பிரான்சிஸ் புக்கானன் இந்தக் கோட்டையில் தங்கியிருந்தபோதுதான் கிழக்கு மலைச்சரிவில் ஏறிப் பார்த்தார். 1812இல் வில்லியம் கீஸ் என்ற நில அளவையாளர் இங்கிருந்து தேனாடு வழியாக ஏறி நீலகிரியின் முதல் நில விவரத்தை எழுதினார். 1818இல் கோயம்புத்தூர் கலெக்டரின் உதவியாளர்களான விஷ், கிண்டர்ஸ்லி இருவரும் இந்த வழியாகவே ஏறினார்கள். அவர்கள் சொன்னதைக் கேட்டுத்தான் மறு ஆண்டு கலெக்டர் ஜான் சல்லிவன் மலைக்குப் போனார். நீலகிரியை வெளியுலகம் அறிந்த வரலாற்றின் முதல் பக்கம் டணாயக்கன் கோட்டையில் தொடங்குகிறது. 1820களில் சிறுமுகையிலிருந்து கோத்தகிரிக்குப் பாதை வெட்டப்பட்டபின் மலைக்குப் போகிறவர்களுக்கு இந்த ஊர் தேவைப்படவில்லை. கணவாய் வழி தேய்ந்தது. தாலுகாவும் போயிற்று. ஊர் சிறுத்தது. பெயர் மட்டும் கோட்டை என்ற பெருமையோடு தொடர்ந்தது.

இந்தக் காலத்து ஆங்கில ஏடுகளிலும் படங்களிலும் இந்த ஊர் எத்தனை விதமாக எழுதப்பட்டிருக்கிறது! டன்னாயக்கன்கோட்டை, டெனாய்கன்கோட்டா, டனாய்கின்கோட்டா. சிலவற்றில் நாயகன என்று கன்னட வேற்றுமை உருபோடும் வரும். எழுத்துப்பிழை என்று இவற்றைத் தள்ளிவிடக் கூடாது. நில அளவையாளர் பெயரை எப்படிப் பெற்றார் என்பதை எண்ணிப் பாருங்கள். அவருக்குத் தமிழும் கன்னடமும் தெரியாது. உடன் வந்த துபாசி மைசூர்ப் பக்கத்தவராக இருந்தால் கன்னட ஒலி, ஊர் மணியக்காரரை நேரே கேட்டால் தமிழ் ஒலி, பழைய கணக்கைப் பார்த்தால் எழுத்தின் ஒலி. கேட்டதைத் தன் மொழியின் எழுத்தில் எழுதினார். ஒலிபெயர்ப்புக்கு ஒரே முறை வேண்டும் என்று வில்லியம் ஹண்டர் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வகுத்த ஒழுங்கு நடைமுறைக்கு வரும்வரை ஆளுக்கொரு எழுத்து. எனக்கு இந்தக் குழப்பம் பெரும் பேறாகப் படுகிறது. ஒழுங்கான எழுத்து ஒரு வடிவத்தை நிலைநாட்டி மற்றவற்றை அழித்துவிடும். குழம்பிய எழுத்தோ அன்று வாய்கள் எப்படியெல்லாம் ஒலித்தன என்பதை வைத்திருக்கிறது. எகரத்தோடு தொடங்கும் டெனாய் என்ற வடிவத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பிறமொழிச் சொற்களின் முதலில் ககரம், சகரம், தகரம் போன்றவை அதிர்வொலியாக வரும்போது அடுத்த அகரத்தைப் பேச்சில் எகரமாக்குவது கொங்குக்கும் பிற வட்டாரங்களுக்கும் பொது: கங்கையைக் கெங்கை என்கிறோம், தண்டத்தைத் தெண்டம் என்கிறோம். அந்தத் தெண்டத்தின் எகரமே டெனாயில் இருக்கிறது. ஆங்கிலேயர் சரியாகத்தான் கேட்டிருக்கிறார்.

அணையின் கதையைச் சுருக்கமாகச் சொல்லலாம், அது பலருக்கும் தெரிந்ததுதான். கீழ்பவானித் திட்டத்துக்காக ஈரோட்டுத் தியாகி எம்.ஏ.ஈஸ்வரன் போன்றோர் விடாமல் வாதாடினார்கள். 1948இல் வேலை தொடங்கி 1955இல் முடிந்தது. கரையின் நீளம் ஏறத்தாழ 8.8 கிலோமீட்டர். கொள்ளளவு 32.8 டி.எம்.சி. கீழ்பவானி வாய்க்கால் 200 கிலோமீட்டர் ஓடி இரண்டு லட்சம் ஏக்கருக்கு மேல் பாய்கிறது. மேட்டாங்காடாகக் கிடந்த பெருந்துறை, சென்னிமலை, காங்கேயம் பக்கத்து நிலங்களில் நெல்லும் மஞ்சளும் விளைந்தன. கொங்கு நாட்டின் இன்றைய வாழ்வில் அந்தத் தண்ணீருக்குப் பெரும் பங்கு உண்டு. அதைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை.

ஆனால் நீர்த்தேக்கத்தின் விளிம்பு எப்படி முடிவாகிறது என்பதை அறிந்தால் நிலவரைபடத்தைப் பார்க்கும் கண்ணே மாறிவிடும். பொறியாளர் அணையின் உயரத்தை முடிவு செய்ததும், அதே உயரத்துக்கான சம உயரக் கோட்டைத் தாளில் தேடிப் பிடித்து, ஆற்றின் மேல்நோக்கி இரு கரையிலும் தொடர்ந்து போவார். கோடு பவானிப் பக்கம் ஒரு நீண்ட கையாகவும் மாயாற்றுப் பக்கம் இன்னொரு கையாகவும் போய் வளைந்து திரும்பும். கோட்டுக்கு உள்ளே இருப்பது எல்லாம் நீருக்கு. வெளியே இருப்பது மிச்சம். அளந்தபோது அது ஆயிரம் கோடுகளில் ஒரு கோடு. யாருடைய தோட்டத்தின் குறுக்கே போகிறது என்று யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். கோட்டையும் ஊரும் கோட்டுக்குள் இருந்தன. மக்கள் குடிபெயர்ந்தார்கள். கோயிலின் தெய்வங்களையும் எடுத்துக்கொண்டு பவானிசாகர்ப் பக்கம் வந்தார்கள். நீர்மட்டம் வெகுவாக இறங்கும் ஆண்டுகளில் பழைய மாதவராயப் பெருமாள் கோயிலின் கல் மண்டபம் வெளியே வருகிறது. பரிசலில் போய்ப் பார்த்து வருகிறவர்கள் உண்டு.

புதிதாக வந்த பெயரையும் விசாரிக்க வேண்டும். பவானிசாகர். தமிழகத்தில் நீர்நிலைக்குச் சாகர் என்று பெயர் வைக்கும் வழக்கம் பழையதன்று. ஏரி, குளம், வாரி, தாங்கல், ஏந்தல் என்று சொற்கள் இருந்தன. கடலென்றே சொல்ல விரும்பியபோதும் சமுத்திரம் என்றார்கள். அம்பாசமுத்திரம் போல ஊருக்கே அது பெயராயிற்று. சாகர் அண்டை நாடுகளிலிருந்து வந்தது. காவிரியின் குறுக்கே மைசூர் அரசு கட்டியது கிருஷ்ணராஜசாகரம். ஐதராபாத் சமஸ்தானத்தில் நிஜாம் சாகர். 1934இல் முடிந்த மேட்டூருக்கு ஆளுநர் ஸ்டான்லியின் பெயரை வைத்தார்கள். மக்கள் அதை ஏற்காமல் மேட்டூர் என்றே சொன்னார்கள். சுதந்திர இந்தியாவில் ஆட்சியாளர் பெயர் வேண்டாம் என்று ஆற்றின் பெயரை எடுத்தது நல்ல முடிவு. ஆற்றின் பெயருக்கும் ஆழம் உண்டு. பதிற்றுப்பத்தில் வரும் வானி என்ற ஆறு இதுதான் என்று அறிஞர்கள் கொள்கிறார்கள். வானி பவானியானது, தேவியின் பெயர் ஆற்றின் மேல் ஏறிய பின்புதான். ஆக, பவானிசாகர் என்பதிலும் சங்க காலத்து இரண்டு எழுத்துகள் மிஞ்சியிருக்கின்றன. கோட்டையின் பெயரை அணைக்கு வைத்திருக்கலாமே என்று எனக்குத் தோன்றுவது உண்டு. பொறியாளர்களும் அமைச்சர்களும் நீருக்குள் போகப்போகும் ஊரின் பெயரைத் திறப்புவிழாக் கல்லில் வெட்ட விரும்புவதில்லை.

பெயர்கள் குடிபெயர்வதும் உண்டு. அணையின் வடகரையில் காட்டோரமாகப் புதுப்பீர்க்கடவு என்றோர் ஊர் இருக்கிறது. புது என்ற அடை இருந்தால் எங்கோ ஒரு பழையது இருந்திருக்க வேண்டும். கடவு என்றால் கடந்து போகும் வழி, ஆற்றில் இறங்கிக் கரையேறும் இடம். மலையாளத்தில் இன்றும் பரிசல்துறைக்கும் படித்துறைக்கும் கடவு என்பார்கள். பெயரில் கடவு இருக்கிறது. கடக்க வேண்டிய ஆறு பரந்த நீருக்குள் தொலைந்துவிட்டது. ஒரு சொல் தன் பொருளுக்கு உரிய நிலத்தை இழந்தபின்னும் வாழ்வது இப்படித்தான். சுற்றுவட்டாரத்துப் பெயர்களை வரிசையாக வாசித்தால் மொழிகளின் படிவம் தெரியும். சத்தியமங்கலத்தில் பிரமதேயத்து மங்கலம். தத்தப்பள்ளியில் பள்ளி. மாயாற்றின் மேல்பக்கத்துத் தெங்குமரஹாடாவில் தென்னையைக் குறிக்கும் தெங்கு. அது தமிழுக்கும் கன்னடத்துக்கும் சொந்தம். ஊர்ப்பெயரில் மொழி எல்லையைக் கோடு போட்டுக் காட்ட முடியாத பள்ளத்தாக்கு இது. டணாயக்கன் அந்தப் பள்ளத்தாக்குக்கு ஏற்ற பெயர்.

இப்போது எழுத்து முறையைப் பற்றி ஒரு தீர்ப்பு சொல்ல வேண்டும். டணாய்க்கன்கோட்டை, டணாயக்கன்கோட்டை, தணாயக்கன்கோட்டை, தண்டநாயகன்கோட்டை என்று செய்தித்தாள்களிலும் நூல்களிலும் பலவாறு வருகிறது. தண்டநாயகன்கோட்டை என்று திருத்தி எழுதுவது புலமையைக் காட்டும். அந்த ஊரில் பிறந்தவர் ஒருவர்கூடத் தம் ஊரை அப்படிச் சொல்லியிருக்க மாட்டார். சொல்லின் மூலம் தெரிந்துவிட்டது என்பதற்காகச் சொல்லை மூலத்துக்கே திருப்பி அனுப்பக் கூடாது. தணாயக்கன் என்று டகரத்தை நீக்கி இலக்கணத்துக்கு இணங்க எழுதுவதும் வேண்டாம். அறுநூறு ஆண்டுகள் பல வாய்கள் உருட்டி உருட்டித் தந்த வடிவம் டணாயக்கன். அதைத்தான் எழுத வேண்டும். மூலத்தை விளக்கமாகச் சொல்லலாம்; பெயராக வைக்க வேண்டியதில்லை.

ஒரு கோட்டையின் பெயர் பெரிய பெயர். அதற்குக் கல்வெட்டும் தூதரின் குறிப்பும் கலெக்டரின் கடிதமும் துணை இருக்கின்றன. ஓர் அங்குலத் தாளில் ஏறாத சின்னப் பெயர்கள் அந்தப் பள்ளத்தாக்கில் எத்தனையோ இருந்திருக்கும். கிணற்றுக்கு ஒரு பெயர், இட்டேரிக்கு ஒரு பெயர், களத்துக்கு, கல்லாங்குத்துக்கு, ஆற்றில் மாடு குளிப்பாட்டும் மடுவுக்கு ஒரு பெயர். அவை டோப்போ ஷீட்டில் கிடைக்காது. கிராம நில அளவைப் படத்திலும் புலப்படத்திலும் பழைய செட்டில்மென்ட் பதிவேட்டிலும் நில எடுப்பு ஆணைகளிலும் சில கிடைக்கும். பெரும்பகுதி குடிபெயர்ந்த குடும்பங்களின் நினைவிலும் அவர்கள் பெட்டியில் வைத்திருக்கும் கிரயப் பத்திரங்களிலும்தான் இருக்கிறது. கிரயப் பத்திரத்தில் நான்கெல்லை எழுதும்போது காட்டின் பெயரையும் கிணற்றின் பெயரையும் எழுதுவது அந்தக் காலத்து வழக்கம். அணை வந்தபோது இளைஞர்களாக இருந்தவர்கள் இன்று மிக முதிர்ந்தவர்கள்.

பவானிசாகர், சத்தியமங்கலம், மேட்டுப்பாளையம் பக்கத்து வாசகர்களிடம் கேட்டுக்கொள்வது இதுதான். உங்கள் பாட்டனோ பாட்டியோ அணைக்குள் போன ஊர்களில் பிறந்தவராக இருந்தால், அவர்கள் சொல்லும் இடப்பெயர்களை அவர்கள் ஒலிக்கிறபடியே, திருத்தாமல், ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். பீரோவிலோ டிரங்குப் பெட்டியிலோ கிடக்கும் பழைய பத்திரத்தைக் கரையானுக்கு விடாமல் படமெடுத்து, நான்கெல்லைப் பகுதியைப் படித்து, அதிலுள்ள பெயர்களையும் அந்த நோட்டில் சேர்த்துவிடுங்கள்.